கேரவனில் வந்து பறவை பார்க்க: ராமநாதபுரம் கடற்கரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் பைனாகுலரோடு ராமநாதபுரம் பக்கம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தொண்டி தொடங்கி தனுஷ்கோடி, வாலிநோக்கம் வழியாகச் சாயல்குடி வரையுள்ள கடற்கரையையும், அதையொட்டிய கண்மாய்களையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்காருவார்களே, அதுவா? அவ்வளவு பெரிய வண்டி இங்கே வருமா?

மதுரை–தனுஷ்கோடி நெடுஞ்சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தாராளமாக வரும். ஆனால் பறவை அந்தச் சாலைகளில் இல்லையே! கண்மாய்க்குப் போகும் ஊர்ச்சாலைகள் ஒற்றை வழி. எதிரே மினிபஸ் வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்துத்தான் ஆக வேண்டும். மின்கம்பி தாழ்ந்து கிடக்கும், கருவேலங்கிளை கூரையை உரசும், மேலே சோலார் பேனல் வைத்திருந்தால் கண்ணாடி கீறிவிடும். டெம்போ டிராவலர்தான் மேல்வரம்பு என்பது என் கணக்கு. பார்க்கப் போனால் ஓம்னி, ஈகோ, பொலேரோவில் பின்சீட்டைக் கழற்றி மெத்தை போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் பறவை பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வண்டியை மாற்றிக் கட்டியிருந்தால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். இந்தக் கரையில் செக்போஸ்ட் அதிகம். ஒரிஜினல் ஆவணங்களைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டுகிற ஊர்தானே இது? இங்கே நீர்ப்பறவையா?

அதே ஊர்தான். பெரிய ஆறு என்று சொன்னால் வைகைதான். அதுவும் கடலைத் தொடுவதற்கு முன்பே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்கிவிடும். மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. அப்படி இருப்பதால்தான் முன்னோர் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் இந்தச் சங்கிலி முழுவதும் நிறையும்.

கண்மாய்களுக்கு ஆழம் குறைவு. நாரைக்கும் அரிவாள்மூக்கனுக்கும் அதுதான் தோது: நின்றுகொண்டே இரை தேடலாம். கண்மாய்க்கு உள்ளேயே நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கின்றன. தண்ணீர் ஏறியதும் அடிமரம் முழுகி, முள் நிறைந்த தலை மட்டும் மேலே தெரியும். கீரியோ பூனையோ ஏறி வர முடியாத அந்த முள்தலைதான் கூடு கட்ட இடம். கூட்டிலிருந்து விழும் எச்சம் தண்ணீரில் கரைந்து மடை வழியாக வயலுக்குப் போகிறது. அதனால் பறவை வந்தால் விவசாயிக்கும் சந்தோஷம்தான்.

மாவட்டத்தின் கண்மாய்களில் ஐந்து பறவைகள் சரணாலயங்கள் உள்ளன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-இல் அறிவிக்கப்பட்டவை. மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் 1998-இல் வந்தது, பரப்பு ஏறத்தாழ 593 ஹெக்டேர். தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையும் அதற்குப் பிந்தியவை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றதாக 2022-இல் அறிவிப்பு வந்தது. 2025-இல் தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையும் சேர்ந்தன. மன்னார் வளைகுடாவும் 2022 முதல் ராம்சர் இடம். தண்ணியில்லாக் காட்டுக்கு இத்தனை!

எந்த மாதம் வரலாம்?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கே பறவைகள் மூன்று கூட்டம், மூன்றுக்கும் மூன்று பருவம்.

கண்மாயில் கூடு கட்டும் கூட்டம் முதலாவது: மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா. மழை பெய்து கண்மாய் பெருகிய பிறகுதான் இவை கட்டத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் குஞ்சுகள் கத்துகிற சத்தம் கரையில் நிற்கும்போதே காதை அடைக்கும். மாசிக்குள் தண்ணீர் இறங்கிவிடும், பறவையும் கலைந்துவிடும்.

இரண்டாவது, கடலோரச் சேற்றில் மேயும் உள்ளான், உப்புக்கொத்தி வகையறா. வடக்கே சைபீரியா, மத்திய ஆசியா வரை போய் முட்டையிட்டுவிட்டு வருபவை. ஆகஸ்ட் கடைசியிலேயே முதல் வரவு தெரியும், ஏப்ரல் வரை இருக்கும். மார்ச், ஏப்ரலில் வந்தால் புறப்படுவதற்கு முன் நிறம் மாறி நிற்பதைப் பார்க்கலாம். வெயில் பரவாயில்லை என்றால் அந்த இரண்டு மாதமும் அருமை.

மூன்றாவது பூநாரை. பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை.

ஒரே பயணத்தில் மூன்றையும் பார்க்க ஆசைப்பட்டால் பொங்கல் முடிந்த கையோடு கிளம்பி வாருங்கள். பனங்கிழங்கும் அப்போதுதான் கிடைக்கும்.

இந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது?

வடகிழக்குப் பருவமழை மாவட்டத்தில் எப்படி என்று டிசம்பர் செய்திகளைப் பாருங்கள். 'ஈபேர்ட்' தளத்தில் அந்தந்தச் சரணாலயத்தின் பெயரைப் போட்டால், அண்மையில் போனவர்கள் போட்ட பட்டியல் கிடைக்கும். மூன்று வாரத்துக்கு முந்தைய பட்டியலை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஊருக்குள் வந்துவிட்டால் ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள். "எந்தக் கம்மாயில தண்ணி கெடக்கு?" என்றால் போதும், சரணாலயம் என்று போர்டு இல்லாத கண்மாய்களையும் சேர்த்துச் சொல்லுவார்கள். போர்டு இருக்கும் இடம் வறண்டு, போர்டு இல்லாத இடம் நிறைந்து கிடக்கிற வருஷங்கள் உண்டு. பறவை போர்டு பார்த்து இறங்குவதில்லை.

இரவு வண்டியை எங்கே நிறுத்தித் தூங்குவது? கடற்கரையிலேயே நிறுத்தலாமா?

கடற்கரையில் வேண்டாம். அதற்குக் காரணம் மூன்று.

முதல் காரணம் பாதுகாப்பு. இங்கிருந்து இலங்கை கூப்பிடு தூரம். பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை என்று படகில் கடத்துவது அடிக்கடி பிடிபடும் கரை இது. ராத்திரி ஆளில்லாத கரையில் ஜன்னல் மூடிய வேன் ஒன்று நின்றால், கடலோரக் காவல் குழுமத்தினர் வந்து தட்டத்தான் செய்வார்கள். தட்டாமல் போனால்தான் அவர்கள் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். டார்ச் அடித்து விசாரித்தால் கோபப்படாமல், ஆவணத்தையும் பைனாகுலரையும் பறவைப் புத்தகத்தையும் காட்டுங்கள். புத்தகம் நன்றாக வேலை செய்யும். படம் பார்த்ததும் "இது நம்ம ஊர்ல இருக்கே" என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இரண்டாவது, பல இடங்களில் கரையை ஒட்டியே வனத்துறையின் எல்லை இருக்கிறது. மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிற்றாலாவும் (கடலோரம் மீன் பிடிக்கும் சிறு பறவை) உப்புக்கொத்தியில் ஒரு வகையும் கோடையில் வெறும் மணலில் லேசான பள்ளம் பறித்து முட்டையிடும். கூடு என்று எதுவும் இருக்காது. மணல் நிறத்தில் புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டைகள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால்கூடத் தெரியாது, டிரைவர் சீட்டிலிருந்து எங்கே தெரியப் போகிறது?

நிறுத்த நல்ல இடங்கள் கோயில், தர்கா, தேவாலயம் சார்ந்த மைதானங்கள். ஏர்வாடி தர்காவைச் சுற்றி எப்போதும் வெளியூர் வண்டிகள் நிற்கும், கழிப்பறையும் டீக்கடையும் பக்கத்திலேயே உண்டு. அங்கிருந்து வாலிநோக்கம் கொஞ்ச தூரம்தான். உத்தரகோசமங்கை உள்நாட்டுக் கண்மாய்களுக்குத் தோதான இடம், ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் கூட்டம் தாங்காது. தொண்டிப் பக்கம் என்றால் ஓரியூர் தேவாலயம். ராமேஸ்வரத்தில் கார் பார்க்கிங் நிறைய இருக்கிறது. லாட்ஜ் காம்பவுண்டில் ஒரு அறைக்குப் பணம் கட்டி, குளிக்க அறை, தூங்க வண்டி என்று வைத்துக்கொள்வோரும் உண்டு. எங்கே நிறுத்தினாலும் பொறுப்பில் உள்ளவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டவரை இந்த ஊரில் யாரும் விரட்ட மாட்டார்கள்.

தனுஷ்கோடியில்?

கூடாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. அரிச்சல்முனை வரை சாலை 2017-இல் திறந்தார்கள், ஆனால் பொழுது சாய்வதற்குள் எல்லா வண்டியையும் போலீஸார் வெளியே அனுப்பிவிடுவார்கள். காலையில் கேட் திறக்கும் நேரத்தைச் செக்போஸ்ட்டில் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொண்டு முதல் வண்டியாகப் போவதுதான் வழி. ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலா வேன்கள் வரத் தொடங்கிவிடும்.

பூநாரையை எங்கே, எப்படிப் பார்ப்பது?

தனுஷ்கோடிச் சாலையில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியும் முகுந்தராயர் சத்திரம் வரையிலும் சாலையோரமாகவே ஆழமில்லாத உப்புநீர்த் தேக்கம் உண்டு. தனுஷ்கோடியில் பெரும்பூநாரைக்கென்றே சுமார் 525 ஹெக்டேரில் சரணாலயம் அமைப்பதாக 2025 ஜூனில் அரசு அறிவித்தது. இன்னொரு இடம் வாலிநோக்கம் உப்பளங்களை ஒட்டிய கழிமுகம். கூட்டம் விரும்பாதவர்களுக்கு வாலிநோக்கம்தான் என் சிபாரிசு.

தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி தெரியும். முதலில் கொக்கு என்றுதான் நினைப்பீர்கள். பைனாகுலரில் பார்த்தால் கோட்டிலிருந்து கழுத்துகள் முளைக்கும். ஒன்றை மட்டும் குறிவைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, வளைந்த அலகின் மேல்பாகம் தரையைப் பார்த்திருக்க, பக்கவாட்டில் வீசிக்கொண்டே நடக்கும். கால் நின்ற இடத்திலேயே மாறி மாறி மிதிக்கும். சேறு கலங்கி மேலே வரும் சிற்றுயிர்களை நாக்கால் தண்ணீரை உறிஞ்சித் தள்ளி அலகின் சல்லடையில் வடித்துவிடும். கூட்டத்தில் சாம்பல் கலந்த அழுக்கு வெள்ளையாக நிற்பவை இளம்பறவைகள். இரையிலிருந்து வரும் நிறமிதான் சிவப்பு ஏற்றுகிறது, முழு நிறம் வர ஆண்டுகள் ஆகும்.

மேய்ந்துகொண்டிருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். நிமிர்ந்த தலையோடு ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் அடுத்தது பறப்புதான். முதல் அறிகுறியிலேயே நின்றுவிடுங்கள், முடிந்தால் பின்வாங்குங்கள். இறக்கையின் சிவப்பும் கறுப்பும் படத்தில் விழ வேண்டும் என்று கைதட்டிப் பறக்க விடுகிற ஆட்களும் வருகிறார்கள். அவர்களைப் பற்றி நாகரிகமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

வண்டியை விட்டு இறங்காமலே பார்க்க முடியுமா?

முடியும், அப்படித்தான் பார்க்க வேண்டும். நடந்து வரும் மனிதனைக் கண்டால் நூறு மீட்டரில் எழும்பும் பறவை, நின்றுகொண்டிருக்கும் வேனைப் பொருட்படுத்துவதே இல்லை. கேரவனில் வருகிறவருக்குக் கிடைக்கிற பெரிய வசதியே இதுதான். பலர் அதை விட்டுவிட்டு, வந்ததும் கதவைப் படாரென்று திறந்து ஸ்டூல் போட்டு உட்காருகிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சாலையின் கெட்டியான ஓரத்தில், ஜன்னல் தண்ணீரைப் பார்க்கிற மாதிரி, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி, விடிவதற்கு முன்பே நிறுத்துங்கள். காலையில் கண்மாய்க்குக் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. இன்ஜினையும் ஏசியையும் அணையுங்கள். இன்ஜின் ஓடினால் பைனாகுலரே அதிரும், கேமராவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எதிர்ப்பக்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டால் உங்கள் உருவம் நிழலாகத் தெரியாது. லென்ஸை ஜன்னல் விளிம்பில் தாங்க ஒரு கிலோ உளுந்தைத் துணிப்பையில் கட்டி வைத்தால் போதும். பயணம் முடிந்ததும் இட்லிக்கு ஆகும்.

அப்புறம் காத்திருங்கள். அரை மணியில் எதிர்க்கரையில் இருந்த பவளக்காலி இந்தப் பக்கம் வரும். நத்தைகுத்தி நாரை ஒன்று ஜன்னலுக்கு நேர் கீழேயே நத்தையை எடுத்து, அலகின் நடுவில் பாக்குவெட்டி மாதிரி இருக்கும் இடைவெளி தெரிய, ஓட்டினை உடைக்காமலே சதையை உருவி விழுங்குவதைப் பார்க்கலாம். ஒன்பதரை மணிக்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் கானல் ஆடத் தொடங்கும். தூரத்துப் பறவை எல்லாம் நெளியும். அதோடு காலை ஆட்டம் முடிந்தது, இட்லி சாப்பிடப் போகலாம்.

வண்டி புதைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. மூன்று வகை மண், மூன்றும் மூன்று விதமாகக் காலை வாரும். கடற்கரை மணல் எல்லோருக்கும் தெரிந்தது. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் கரிசல்: காய்ந்தால் சிமெண்ட், ஒரு மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகரவிடாது. மிக மோசமானது கழிமுகத்து உவர்மண். மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு காய்ந்து தரை மாதிரி இருக்கும், கீழே களிச்சேறு. டிராக்டர் தடம் தெரிகிறதே என்று வேனை இறக்கக் கூடாது.

தார்ச்சாலையை விட்டு இறங்குவதற்கு முன் நடந்து போய்க் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். குதி இறங்கினால் டயரும் இறங்கும். கண்மாய்க் கரைமேல் வண்டி ஏற்றுவது வேண்டவே வேண்டாம், கரை சரிந்தால் ஊர் முழுக்கப் பாதிக்கும். சீமைக் கருவேல முள் டயரைத் துளைக்கும் என்பதால் ஸ்டெப்னி, பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்பு மூன்றும் அவசியம். மாசி, பங்குனியில் சாலையோரம் முண்டு மிளகாய் காயப்போட்டிருப்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, மேலே ஏற்றிவிடாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டியை எங்கே நிரப்புவது?

கிராமத்துத் தெருக்குழாயில் ஹோஸ் மாட்டாதீர்கள். அங்கே வருவது பெரும்பாலும் வெகுதூரத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர். எப்போது வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்பார்கள். பல ஊர்களில் தள்ளுவண்டியில் நான்கைந்து குடம் அடுக்கி நெடுந்தூரம் போய் எடுத்து வருகிறார்கள். நூறு லிட்டர் தொட்டியோடு நீங்கள் போய் நின்றால் யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், சொல்லாமல் விட்டாலும் தப்பு தப்புதான். மதுரையிலோ பரமக்குடியிலோ தொட்டியை நிரப்பிக்கொண்டு வாருங்கள். தீர்ந்தால் ராமநாதபுரம் டவுனில் காசு கொடுத்துக் கேனில் வாங்குங்கள். கரையோரக் கிணறுகள் பல உப்பு. அவை பாத்திரம் கழுவ ஆகும், சமையலுக்கு ஆகாது.

கழிவுநீரைக் கண்மாய்ப் பக்கமோ உப்பளப் பக்கமோ திறந்துவிடாதீர்கள். சோப்பு நுரை பறவையின் இறகில் உள்ள எண்ணெய்ப் பூச்சைக் கரைத்துவிடும், இறகு நனைந்தால் மிதக்க முடியாது. கழிப்பறை கேசட்டை (கழிவு சேரும் பெட்டி) தங்குகிற லாட்ஜில் கேட்டுக் கொட்டலாம். இல்லாவிட்டால் வண்டிக் கழிப்பறையைப் பயன்படுத்தாமல் பெட்ரோல் பங்க், தர்கா, கோயில் கழிப்பறைகளை நம்பலாம்.

மின்சாரம்?

வெயிலுக்கு இங்கே பஞ்சமே இல்லை. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் வைத்ததும் அதனால்தான். கூரைமேல் ஒரு பேனல் இருந்தால் மின்விசிறி, விளக்கு, செல்போனுக்குத் தாராளம். ஜெனரேட்டரைக் கண்மாய்ப் பக்கம் போடாதீர்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போக முடியுமா?

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் உண்டு. 1986 முதல் அவை கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்தபோது படகு பிடித்து இறங்க முடியாது. பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். மீனவர் யாராவது ரகசியமாகக் கூட்டிப் போகிறேன் என்றாலும் போகாதீர்கள், மாட்டினால் அவர் படகுக்குத்தான் ஆபத்து.

இன்னொரு செய்தி. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, பெயர் 'ஐ.என்.எஸ். பருந்து'. பார்க்க அனுமதியில்லாத ஒரே பருந்து அதுதான். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

காரங்காடு எப்படி?

தொண்டிப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் மீனவக் கிராமம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள், கயாக்கும் உண்டு. வேனில் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு நல்ல மாற்றம். மீன்கொத்திகள், செம்பருந்து, கடற்காகம் எல்லாம் பக்கத்தில் பார்க்கலாம். காலை முதல் படகைப் பிடியுங்கள்.

சேற்றில் ஓடுகிற சின்னப் பறவைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படிப் பிரித்தறிவது?

நிறத்தைப் பார்க்காதீர்கள். குளிர்காலத்தில் எல்லாமே மேலே சாம்பல், கீழே வெள்ளை. நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி ஓடும், சட்டென நிற்கும், சேற்றை ஒரு கொத்து, மறுபடி ஓடும். கண்ணால் பார்த்து வேட்டையாடுவது அது. கண்ணும் பெரிதாக இருக்கும். உள்ளான் குனிந்த தலை நிமிராமல் அலகைச் சேற்றுக்குள் விட்டு விட்டு எடுத்துக்கொண்டே போகும். அலகின் நுனியால் தொட்டு உணர்ந்து இரை எடுப்பது அது. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பிறகு அலகு. கோட்டானுக்கு (ஆந்தை அல்ல, இது கரையோரப் பறவை) நீண்டு கீழே வளைந்த அலகு, தூரத்திலிருந்தே தெரியும். கல்திருப்பி உள்ளான் பெயருக்கேற்றபடி கூழாங்கல், கடற்பாசிகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும், காலோ ஆரஞ்சு. மார்பின் இரு பக்கமும் கறுப்புத் திட்டு, நடுவில் வெட்டுவிட்டது போல இருந்தால் கெண்டிஷ் உப்புக்கொத்தி.

அதிர்ஷ்டம் இருந்தால் நண்டுதின்னி கண்ணில் படும். உடல் வெள்ளை, முதுகு கறுப்பு, கால் நீளம், அலகு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத தடிமனில் கன்னங்கரேலென்று. ஓடிப் போய் நண்டைக் கவ்வி உதறுவதைப் பார்த்தால் அன்று வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

எந்த நேரம் என்றால், தண்ணீர் வற்றும் நேரம். இங்கே ஓத (கடல் நீர் ஏறி இறங்கும்) வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் அட்டவணையைவிடக் காற்று முக்கியம். வாடை பலமாக அடிக்கிற நாளில் கணக்கு மாறிவிடும். காலையில் வலை இழுக்கிறவரைக் கேட்டால், "வத்தம் எப்போ" என்று சரியாகச் சொல்லுவார்.

என்ன கருவி வாங்க வேண்டும்?

8×42 பைனாகுலர் ஒன்று (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.). அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கழித்தும் ஆசை இருந்தால் ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) வாங்கலாம், சேற்றுப் பறவைகளுக்கு அது உதவும். உப்புக்காற்றில் லென்ஸில் பிசுக்கு படியும். சட்டைத் துணியால் துடைக்காமல், ஊதித் தூசி போக்கிய பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

வண்டியில் மீன் சமைக்கலாமா?

பாம்பனிலும் மண்டபத்திலும் கிடைக்கிற மீனை விட்டுவிட்டு என்ன பயணம்! சமையுங்கள். ஆனால் செதிளையும் குடலையும் கரையில் எறியாதீர்கள். நாய் வரும். ஒரு நாள் வந்த நாய் மறுநாள் கூட்டாளிகளைக் கூட்டி வரும். நீங்கள் போன பிறகும் அவை அங்கேயே சுற்றி, தரையில் முட்டையிடும் பறவைகளை ஒன்று விடாமல் மேயும். கழிவைப் பையில் கட்டி டவுன் குப்பைத்தொட்டியில் போடுங்கள். மீன் இறங்குதளத்தில் செம்பருந்துகள் மீனுக்காகச் சுற்றுவதைப் பார்ப்பதே தனிக் காட்சி.

பார்த்ததை எழுதி வைக்க வேண்டுமா?

எழுதினால் பிறருக்கு உதவும். பொங்கல் நாட்களில் நான்கு நாள் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கும், யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டதை எண்ணி 'ஈபேர்ட்'டில் ஏற்றினால் போதும். வேன் ஜன்னலில் காபியோடு செய்துவிடக்கூடிய வேலை. கூட்டின் சரியான இடத்தை மட்டும் போட வேண்டாம்.

நான்கு நாள் லீவு இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து பரமக்குடி வழியாக வந்து முதல் மாலை தேர்த்தங்கல், இரவு ராமநாதபுரம். மறுநாள் விடியலில் சக்கரக்கோட்டை. அது டவுனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்று பகலில் பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம். பாலத்தின் மேல் காற்று பலமாக இருக்கும், உயரமான வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், படமெடுக்க நிறுத்த வேண்டாம். மூன்றாம் நாள் விடியலில் தனுஷ்கோடி, மாலைக்குள் ஏர்வாடி. நான்காம் நாள் காலை வாலிநோக்கம், பிறகு சாயல்குடி வழியாக மேலச்செல்வனூர். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் அந்தப் பக்கம்தான். இரண்டில் எதில் தண்ணீர் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு ஒன்றுக்கு மட்டும் போங்கள். அப்படியே முதுகுளத்தூர், பரமக்குடி வழியாக மதுரை.

இதைத் தலைகீழாகப் போட்டாலும் சரிதான். காலை ஐந்தரைக்கு எங்கே நிற்பது என்பதை மட்டும் முந்தின இரவே முடிவு செய்துவிட்டுத் தூங்குங்கள்.

காரைக்குடி பக்கமாகத் திரும்புகிறோம். வழியில் ஏதாவது?

திருப்பத்தூர் அருகே சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களும் அதில் சேர்த்தி. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர், ஹாரன் அடிக்காமல் போங்கள். அங்கேயும் மழை பொய்த்த வருஷம் கண்மாய் காலிதான். திருப்பத்தூர் டீக்கடையில் கேட்டுக்கொண்டு வண்டியைத் திருப்புங்கள்.